மால் மெனிங்கா: ஆட்டக்காரர், பயிற்சியாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம் குடியேறும் தமிழர்களுக்கு ஜூன் மாதம் ஒரு புதுத் தேர்வு வரும். "நீங்கள் மரூனா, நீலமா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். மரூன் என்றால் குயின்ஸ்லாந்து, நீலம் என்றால் நியூ சவுத் வேல்ஸ். ரக்பி லீக் விளையாட்டில் இந்த இரண்டு மாநிலங்களும் ஆண்டுக்கு மூன்று முறை மோதும் தொடர் பற்றிய கேள்வி அது. அந்தத் தொடரின் கதையைக் கேட்கப் போனால், ஆட்டக்காரராகவும் பிறகு பயிற்சியாளராகவும் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வரும்: மால் மெனிங்கா. அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

ரக்பி லீக், ரக்பி, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இலங்கையில் பிராட்பி கேடயத்துக்காக ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதுவது ரக்பி யூனியன். ஓர் அணிக்கு 15 பேர். லீக்கில் 13 பேர். 1895-ல் வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்து போனதில் பிறந்தது லீக். சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டு ஆட வரும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் அன்றைய கூலி இழப்பை ஈடுகட்டலாமா, கூடாதா என்பதுதான் சண்டை. கூடாது என்றவர்கள் யூனியனில் நின்றார்கள்.

ஆட்டமும் மாறிவிட்டது. லீக்கில் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு வாய்ப்பு. ஆறாவது முறை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் கபடியில் பிடித்துச் சாய்ப்பதை ஓடுகிற ஓட்டத்தில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் 'டிரை', 4 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. 1983-க்கு முன்னால் டிரைக்கு 3 புள்ளிதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மெனிங்கா எந்த ஊர்க்காரர்? அந்தப் பெயர் ஆங்கிலப் பெயர் மாதிரி இல்லையே?

1960 ஜூலை 8 அன்று குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் நகரில் பிறந்தார். கரும்புக்கும் ரம்முக்கும் பேர்போன ஊர். அவருடைய குடும்பம் தென்கடல் தீவினர் என்று அங்கே அழைக்கப்படும் மக்களைச் சேர்ந்தது. 1863 முதல் 1904 வரை இன்றைய வனுவாட்டு, சாலமன் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேர் குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிலர் ஒப்பந்தத்தில் வந்தார்கள், பலர் ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ வந்தார்கள். நம் ஆட்களை நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் கப்பலேற்றியதும் இதே கரும்புதான். பிறகு 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். போகாமல் தங்கிவிட்டவர்களின் வாரிசு மெனிங்கா. பின்னாளில் இவர் ஆஸ்திரேலிய அணிக்குத் தலைவராகி 23 டெஸ்டுகளில் அணியை மைதானத்துக்குள் அழைத்துப் போனார்.

போலீஸ்காரராக இருந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. பள்ளிப் படிப்பு முடிகிற வயதில் பிரிஸ்பேன் போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ரக்பி லீக் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரும் ஒரு போலீஸ்காரர்தான். அதிகம் பேசாத, சிரிக்காத அந்த மனிதரின் பெயர் வெய்ன் பென்னட். பின்னாளில் ஏழு முறை ஆஸ்திரேலிய கிளப் கோப்பையை வென்று காட்டிய பயிற்சியாளர். பிரிஸ்பேனின் சதர்ன் சபர்ப்ஸ் கிளப்பிலும் மெனிங்காவுக்கு அவரே பயிற்சியாளராக இருந்து, 1985 இறுதிப்போட்டியில் வாலி லூயிஸின் வின்னம்-மேன்லி அணியைத் தோற்கடித்தார்கள். இடையில் 1984-85-ல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கு ஒரே ஒரு பருவம் ஆடினார் மெனிங்கா. அந்த ஊர் முதியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்றால் என்ன? அதில் மெனிங்காவின் பங்கு என்ன?

தொடக்கத்தில் சொன்ன மரூன்-நீலம் தொடரின் பெயர்தான் அது. அது வரும் முன்னால் மாநில அணியைத் தேர்ந்தெடுத்த முறை இப்படி: நீ எந்த மாநிலக் கிளப்பில் ஆடுகிறாயோ அந்த மாநிலத்துக்காரன். சிட்னி கிளப்புகளிடம் சூதாட்ட எந்திரங்களின் வருமானம் இருந்தது. குயின்ஸ்லாந்தின் நல்ல பையன்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போய், பிறகு அவர்களுக்கு நீலச் சட்டை மாட்டி சொந்த மாநிலத்துக்கு எதிராகவே இறக்குவார்கள். 1959-க்குப் பிறகு குயின்ஸ்லாந்து ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை. பிறந்த வீட்டை எதிர்த்தே வழக்குப் போடச் சொல்வது போன்ற ஏற்பாடு.

1980-ல் விதியை மாற்றிப் பார்த்தார்கள்: முதன்முதலில் எங்கே ஆடத் தொடங்கினாயோ அந்த மாநிலத்துக்கு ஆடு. ஜூலை 8 அன்று பிரிஸ்பேன் லாங் பார்க்கில் முதல் ஆட்டம். குயின்ஸ்லாந்துக்குத் தலைவர் ஆர்தர் பீட்சன். 35 வயது. ஆஸ்திரேலியாவுக்கே தலைமை தாங்கியவர், ஆனால் சொந்த மாநிலத்துக்கு அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. அதே அணியில் ஓர் இளம் போலீஸ்காரர், அன்றைக்குச் சரியாக 20 வயது நிரம்பியவர். ஏழு முறை உதைத்தார், ஏழும் உள்ளே. குயின்ஸ்லாந்து 20-10 என்று வென்றது. அந்த இருபதில் 14 புள்ளி மெனிங்காவின் கால் கொடுத்தது. (டிரைக்கு 3 புள்ளி என்று சொன்னேன் அல்லவா? கணக்கு அப்போதுதான் சரியாக வரும்.)

அதன் பிறகு 1994 வரை 32 ஆரிஜின் ஆட்டங்கள் ஆடினார்.

எந்த இடத்தில் ஆடுவார்? எப்படிப்பட்ட ஆட்டக்காரர்?

சென்டர். வேகமானவர்கள் நிற்கும் இடம். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆளை அங்கே யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். முன்வரிசையில் முட்டி மோதும் உடம்பு, ஓரத்தில் ஓடுகிற கால். அவரை மடக்க வருகிறவரின் மார்பில் உள்ளங்கையை வைத்துத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். 1982 முதல் 1994 வரை கங்காரூ என்று அழைக்கப்படும் ஆஸ்திரேலிய அணியின் நான்கு பெரிய ஐரோப்பியப் பயணங்களிலும் போனவர் இவர் ஒருவர்தான். கடைசி இரண்டில் தலைவர். 1982-லும் 1986-லும் போன அணிகள் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் திரும்பின.

கை நான்கு முறை முறிந்ததாமே?

ஆமாம். 1986-ல் கான்பெர்ரா ரெய்டர்ஸுக்கு வந்தார். 1987, 88-ல் ஒரே கை நான்கு முறை முறிந்தது. சேரும், ஆட வருவார், மறுபடி முறியும். மூன்றாவது முறையோடு யாராக இருந்தாலும் ஓய்வு அறிவித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இவர் கையில் தடிமனான ஒரு பாதுகாப்புக் கவசத்தைக் கட்டிக்கொண்டு வந்தார். பழைய காணொளிகளில் கவசம் கட்டிய கையோடு ஓடி வருகிற பெரிய உருவம் யார் என்று கேட்டால், இவர்தான்.

1989 இறுதிப்போட்டியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

1908-ல் தொடங்கிய சிட்னி போட்டியில் அதுவரை சிட்னிக்கு வெளியே உள்ள எந்த அணியும் கோப்பையைத் தொட்டதில்லை. கான்பெர்ரா சேர்ந்ததே 1982-ல்தான். அரசாங்க அலுவலர்களின் ஊர், குளிர், பச்சைச் சட்டை. அவர்களைச் சிட்னிக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதிரே பால்மைன். பாதி ஆட்டத்தில் 12-2 என்று பால்மைன் முன்னிலை. இரண்டாம் பாதியில் பால்மைனின் மிக் நீல் கோட்டை நோக்கி ஓடுகிறார், முன்னால் யாரும் இல்லை. பின்னாலிருந்து மெனிங்கா பாய்ந்து, விரல் நுனியால் அவர் கணுக்காலைத் தட்டிவிட்டார். நீல் கோட்டுக்குச் சற்று முன்னால் விழுந்தார். அந்தத் தட்டு இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். கடைசி நிமிடங்களில் ஜான் ஃபெர்குசன் டிரை போட, உதைத்துச் சமன் செய்தார்கள்: 14-14. கூடுதல் நேரத்தில் முதலில் 1 புள்ளி தரும் ஓர் உதை; பிறகு மாற்று ஆட்டக்காரர் ஸ்டீவ் ஜாக்சன், மேலே தொங்கிய தடுப்பாளர்களை இழுத்துக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டினார். 19-14. கோப்பையை வாங்கியது தலைவர் மெனிங்கா.

பயிற்சியாளர் டிம் ஷீன்ஸ். அடுத்த ஆண்டு பென்ரித்தை வென்று மீண்டும் கோப்பை. அதற்கப்புறம் சம்பள உச்சவரம்பை மீறியது வெளியே வந்து கிளப்புக்குப் பணமுடை வந்தது. ஆட்டக்காரர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பச்சைச் சட்டைக் கூட்டத்தில் நான்கு பெயர்களை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்: ரிக்கி ஸ்டூவர்ட், லாரி டேலி, கிரெய்க் பெல்லமி, கெவின் வால்டர்ஸ். பின்னால் எல்லோரும் வருவார்கள்.

மெனிங்காவின் ஒரே ஒரு டிரையைப் பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது?

1990, மான்செஸ்டர், ஓல்ட் டிராஃபோர்ட், பிரிட்டனுக்கு எதிரான இரண்டாவது டெஸ்ட். முதல் டெஸ்டில் வெம்ப்ளியில் 19-12 என்று ஆஸ்திரேலியா தோற்றுவிட்டது. இதிலும் தோற்றால் தொடர் போச்சு. சமன் செய்தாலும் வெல்ல வழியில்லை. ஸ்டூவர்ட் வீசிய ஒரு பந்தைப் பிரிட்டன்காரர் நடுவில் பிடித்து டிரை போட்டதால்தான் 10-10 என்று நின்றது. கடைசி நிமிடம். தன் எல்லைக்கு அருகிலிருந்து அதே ஸ்டூவர்ட் ஒரு பொய் வீச்சுக் காட்டிவிட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடினார். பாதி மைதானத்துக்கு மேல் ஓடியாயிற்று, மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் மெனிங்கா வந்துகொண்டிருந்தார். நடுவில் வந்த ஒரு தடுப்பாளரைத் தோளால் நகர்த்திவிட்டு, பந்தை வாங்கி, பாய்ந்து வைத்தார். 14-10. மூன்றாவது டெஸ்டையும் வென்றது ஆஸ்திரேலியா.

தோளால் நகர்த்தியது விதிப்படி சரியா என்று பிரிட்டன்காரர்களிடம் கேட்காதீர்கள். சாயங்காலம் முழுக்கப் பேசுவார்கள்.

எப்போது ஓய்வு பெற்றார்?

1994. கான்பெர்ராவுக்குக் கடைசி ஆட்டம் இறுதிப்போட்டி. கேன்டர்பரியை 36-12 என்று அடித்தார்கள். எதிரணி வீச்சை நடுவில் பறித்து ஒரு டிரையும் போட்டார். பிறகு நான்காவது கங்காரூ பயணம். முதல் டெஸ்டைத் தோற்று, தொடரை வென்று, பிரான்சில் 74-0 என்ற ஆட்டத்தோடு முடித்துக்கொண்டார். இப்படி விடைபெறுவது கிரிக்கெட்டில்கூட யாருக்கும் சுலபமாக வாய்ப்பதில்லை.

பயிற்சியாளராக முதல் வேலை எப்படிப் போனது?

சுமாராக. 1997-ல் ஷீன்ஸுக்குப் பதிலாக அதே கான்பெர்ராவுக்குப் பயிற்சியாளர் ஆனார். இடையில் எந்தக் கீழ்நிலை அணிக்கும் பயிற்சி கொடுத்துப் பழகவில்லை. சமையலறைக்கே போகாதவரைக் கல்யாணப் பந்திக்குத் தலைமைச் சமையல்காரராக நிறுத்தியது மாதிரி. கூடவே காலமும் சரியில்லை: அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ரக்பி லீக்கே தொலைக்காட்சி உரிமைச் சண்டையில் இரண்டு போட்டிகளாக உடைந்து கிடந்தது. பழைய கூட்டாளிகள் ஸ்டூவர்ட்டும் டேலியும் இப்போது அவருக்குக் கீழே ஆடினார்கள், வயதேறியவர்களாக. ஐந்து பருவங்களில் ஒரு முறைகூட இறுதிப்போட்டிக்குப் போகவில்லை. 2001-ன் முடிவில் விலகினார்.

அப்போது அவரைப் பற்றி எழுதியவர்களைக் கேட்டிருந்தால், 'மகத்தான ஆட்டக்காரர், பயிற்சி அவருக்கு வரவில்லை' என்று கணக்கை மூடியிருப்பார்கள்.

28 விநாடி அரசியல்வாதி என்று கேலி செய்வது எதற்காக?

அதே 2001 செப்டம்பரில். ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதியின் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாக நிற்கப் போவதாக அறிவித்தார். ஏ.பி.சி. வானொலியில் முதல் நேர்காணல். ஏன் அரசியலுக்கு வருகிறீர்கள் என்பது போன்ற, எல்லோரும் எதிர்பார்க்கும் கேள்விதான். பதில் சொல்லத் தொடங்கினார், தடுமாறினார், நிறுத்தினார். என்னால் முடியாது, மன்னிக்க வேண்டும், விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒலிப்பதிவை அளந்தவர்கள் 28 விநாடி என்கிறார்கள்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் முடியாது என்று தெரிந்த அந்த நொடியில் வெளியே வந்துவிட்ட அரசியல்வாதிகள் எத்தனை பேர் என்று நம் ஊர்ப் பட்டியலையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் குயின்ஸ்லாந்து அணி எப்படி இவரிடம் வந்தது?

2003, 2004, 2005 என்று தொடர்ந்து மூன்று தொடர்களைக் குயின்ஸ்லாந்து இழந்திருந்தது. பயிற்சியாளர் மைக்கேல் ஹேகன் விலக, 2006-க்கு மெனிங்காவை அழைத்தார்கள். கிளப்பில் சாதிக்காதவரை ஏன் என்ற முணுமுணுப்பு இருந்தது. முதல் ஆட்டம் 17-16 என்று கடைசி உதையில் தோல்வி. இரண்டாவது பிரிஸ்பேனில் 30-6 என்று வெற்றி. மூன்றாவது மெல்போர்னில்.

அதில் 14-4 என்று பின்தங்கி இருந்தார்கள். நாலாவது தொடரும் போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஜொனாதன் தர்ஸ்டன் பிளந்துகொண்டு போய் பிரென்ட் டேட்டுக்குக் கொடுக்க, ஒரு டிரை. பிறகு நியூ சவுத் வேல்ஸின் பிரெட் ஹாட்ஜ்சன் கீழேயிருந்து எடுத்து வீசிய பந்து யார் கைக்கும் போகாமல் தரையில் உருண்டது. குயின்ஸ்லாந்து தலைவர் டேரன் லாக்யர் அதை அள்ளிக்கொண்டு ஓடி வைத்தார். 16-14.

அந்த ஒரு தவறான வீச்சு சரியாகப் போயிருந்தால்? மெனிங்கா முதல் ஆண்டிலேயே தோற்ற பயிற்சியாளராக இருந்திருப்பார். அதன் பின் என்ன ஆகியிருக்கும் என்று யார் கண்டார்? நடந்தது இது: 2006 முதல் 2013 வரை தொடர்ந்து எட்டுத் தொடர்கள். இரு மாநிலங்களில் எதுவும் அதற்கு முன் இப்படிச் செய்ததில்லை.

ஸ்மித், கிராங்க், ஸ்லேட்டர், இங்கிளிஸ், தர்ஸ்டன், லாக்யர்! இந்த அணியை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வென்றிருக்கலாமே?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது, நியாயமானதும்கூட. கேமரன் ஸ்மித், கூப்பர் கிராங்க், பில்லி ஸ்லேட்டர், தர்ஸ்டன் நான்கு பேரும் அந்தந்த இடத்தில் அவர்கள் தலைமுறையின் முதல் ஆட்கள். கிரெக் இங்கிளிஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். (நியூ சவுத் வேல்ஸில் பிறந்து வளர்ந்த இங்கிளிஸ் எப்படிக் குயின்ஸ்லாந்துக்காரர் ஆனார் என்று சிட்னிக்காரர்கள் இன்றுவரை பொருமுகிறார்கள். விதி அனுமதித்தது, அவ்வளவுதான்.)

ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 2008, 2009, 2010 ஆண்டுகளில் எதிரே நியூ சவுத் வேல்ஸுக்குப் பயிற்சி கொடுத்தவர் யார்? கிரெய்க் பெல்லமி. கான்பெர்ராவில் மெனிங்காவின் பழைய சகா. நட்சத்திரமாக இருந்தவர் இல்லை, உழைப்பாளி. 2003 முதல் மெல்போர்ன் ஸ்டார்ம் கிளப்பின் பயிற்சியாளர். இந்த ஸ்மித்தையும் கிராங்க்கையும் ஸ்லேட்டரையும் இங்கிளிஸையும் வளர்த்து ஆளாக்கியதே அவர்தான். அந்தப் பையன்களின் ஒவ்வோர் அடியும் அவருக்கு அத்துபடி. கிளப் பயிற்சியாளர் என்று பார்த்தால் மெனிங்காவை அவரோடு ஒப்பிடவே முடியாது. மூன்று தொடர்களிலும் பெல்லமி தோற்றார். தான் செதுக்கிய ஆட்களிடமே தோற்றார்.

2011, 2012-ல் எதிரே ரிக்கி ஸ்டூவர்ட். சிட்னி ரூஸ்டர்ஸுக்கு 2002-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2005-ல் நியூ சவுத் வேல்ஸுக்கே தொடரை வென்று கொடுத்தவர். தோல்வி, தோல்வி. 2013 முதல் லாரி டேலி. ஆக மெனிங்கா இருந்த பத்து ஆண்டுகளில் கடைசி எட்டு ஆண்டுகளும் எதிர் முகாமில் உட்கார்ந்திருந்தது பழைய ரெய்டர்ஸ் பச்சைச் சட்டைக்காரர்கள்தான். அண்ணன் தம்பி பங்காளிச் சண்டை மாதிரி.

நல்ல அணி இருந்ததால் வென்றார் என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு என் கணிப்பு இது. கிளப் வேலையும் ஆரிஜின் வேலையும் வேறு வேறு. கிளப்பில் பயிற்சியாளர் ஆண்டு முழுக்க ஒரே ஆட்களோடு மல்லுக்கட்ட வேண்டும். திறமையைத் தீட்ட வேண்டும், ஒப்பந்தம் பேச வேண்டும், திங்கட்கிழமை தோல்வியை அலசி வெள்ளிக்கிழமைக்கு வேறு திட்டம் போட வேண்டும். ஆரிஜினில் கையில் இருப்பது ஏறக்குறைய பத்து நாள். வருகிறவர்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேற்றுவரை ஒருவரையொருவர் தரையில் சாய்த்துக்கொண்டிருந்த வெவ்வேறு கிளப் ஆட்களைப் பத்தே நாளில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஆக்க வேண்டும். அதற்கு ஆட்ட உத்தி தெரிந்தவரைவிட, உள்ளே நுழைந்தால் அறை அமைதியாகிற ஒருவர் தேவை. உத்திக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் நீல் ஹென்றி கூட இருந்தார். மெனிங்கா அவர்களை வேலை செய்ய விட்டார். மூத்த ஆட்டக்காரர்களையும் பேச விட்டார். எது தன் வேலை இல்லை என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு திறமைதான். கான்பெர்ராவில் அது அவருக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

1980-ல் அந்த முதல் ஆட்டத்தில் பீட்சன் பக்கத்தில் நின்றவர் வந்து "இந்தச் சட்டை என்ன என்று சொல்கிறேன், கேள்" என்றால் இருபது வயதுப் பையன் கேட்பான். பெல்லமிக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அந்த வாக்கியத்தை அவரால் சொல்ல முடியாது.

எதிரணியை 'எலிகள்' என்று எழுதினாராமே?

எழுதினார். 2011-ல் லாக்யரின் கடைசித் தொடரை வென்ற கையோடு, நியூ சவுத் வேல்ஸ் தரப்பைச் சாடி ஒரு செய்தித்தாள் பத்தியில் எலிகள், குப்பை என்றெல்லாம் எழுதிவிட்டார். வென்றவருக்கு அது தேவையே இல்லை. மைதானத்தில் பெரிய மனிதராக நடந்தவர் எழுத்தில் சறுக்கிய இடம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். குயின்ஸ்லாந்தில் இதை ஒப்புக்கொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம்.

பத்துத் தொடர்களில் எத்தனை வென்றார்?

ஒன்பது. 30 ஆட்டங்களில் 20 வெற்றி. 2014-ல் மட்டும் டேலியின் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று தொடரைப் பறித்தது. 2015-ல் மூன்றாவது ஆட்டத்தில் 52-6 என்று பதில் கொடுத்துவிட்டு மெனிங்கா கிளம்பினார். அவர் இடத்துக்கு வந்தவர் கெவின் வால்டர்ஸ், நாம் குறித்துவைத்த நாலாவது பெயர்.

ஆஸ்திரேலிய அணிக்குப் பயிற்சியாளராக எப்படி?

2016 முதல் அந்தப் பொறுப்பு. 2017 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தை 6-0 என்று, ஒரே ஒரு டிரையில் வென்றார்கள். கொரோனாவால் தள்ளிப்போய் 2022-ல் நடந்த கோப்பையில், அதே ஓல்ட் டிராஃபோர்டில், சமோவாவை 30-10. இரண்டு உலகக் கோப்பைகள் ஆயிற்று.

அடியும் வாங்கினார். 2019-ல் டோங்கா 16-12 என்று ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. 2023-ல் ஹாமில்டனில் நியூசிலாந்து 30-0 என்று அடித்தது, ஆஸ்திரேலியாவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி. டோங்கா ஜெயித்ததில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு. பசிபிக் தீவுக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது ஆஸ்திரேலியச் சட்டைக்காகக் காத்திருப்பதை விட்டு, தாத்தா ஊருக்கு ஆடப் போகிறார்கள். எங்கே தொடங்கினாயோ அங்கே ஆடு என்று 1980-ல் எழுந்த அதே உணர்வுதான். இந்தத் தடவை அதன் அடி விழுந்தது மெனிங்காவின் பக்கம்.

'இம்மார்ட்டல்' என்றால்?

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கின் உச்ச மரியாதை. சாகாப்புகழ் பெற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2018-ல் மெனிங்காவுக்குக் கிடைத்தது, வரிசையில் 13-வது. அது ஆட்டக்காரராக ஆடியதற்குத்தான். பயிற்சியாளர் கணக்கு அதில் சேராது.

இப்போது என்ன செய்கிறார்?

மறுபடி கிளப்பில்! 2027-ல் ஆஸ்திரேலியாவின் முதல்நிலை கிளப் போட்டியான என்.ஆர்.எல்.-ல் சேரும் பெர்த் பேர்ஸ் அணியின் முதல் பயிற்சியாளராக 2025-ல் ஒப்பந்தமானார். அதற்காக ஆஸ்திரேலிய அணியை விட்டார். அங்கேயும் அவர் இடத்தில் போய் உட்கார்ந்தது கெவின் வால்டர்ஸ்.

பேர்ஸ் என்பது 1908-ல் போட்டி தொடங்கியபோதே இருந்த வடக்கு சிட்னி அணியின் கரடிச் சின்னம். கடைசியாகக் கோப்பை வென்றது 1922-ல், 1999-க்குப் பிறகு தனி அணியாக முதல்நிலைப் போட்டியிலேயே இல்லை. அந்தப் பெயரையும் சிவப்பு கறுப்பையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் ஊன்றப் பார்க்கிறார்கள். பெர்த்தோ வேறு வகைக் கால்பந்தில் ஊறிய ஊர். தொண்ணூறுகளில் அங்கே ஓர் அணி தொடங்கி மூன்றே பருவங்களில் மூடப்பட்டது.

ஆரிஜின் வேறு, கிளப் வேறு என்று நீங்களே சொன்னீர்கள். பெர்த்தில் தேறுவாரா?

கான்பெர்ராவை விட்டுக் கால் நூற்றாண்டு கழித்து, 66 வயதில் முதல் ஆட்டத்துக்கு வருவார். வாராவாரம் நடக்கும் வேலையில் அவருக்குப் பழைய மதிப்பெண் நன்றாக இல்லை. ஆனால் பெர்த்துக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தேவைப்படுவது உத்தி மட்டும் இல்லை. வெவ்வேறு கிளப்பிலிருந்து வந்து, யாருக்கும் யாரையும் தெரியாமல், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து ஆட வேண்டிய ஒரு கூட்டம் அது. அதை ஓர் அணி ஆக்கும் வேலை ஆரிஜின் முகாமைப் போலவே இருக்கும், பத்து நாளுக்குப் பதில் பத்து மாதம் நீளும். முதல் தோல்வி வரிசைக்கு அப்புறம் வரும் திங்கட்கிழமைகளில்தான் தெரியும். நான் பந்தயம் கட்டவில்லை, ஆனால் பார்ப்பேன்.